தட்டிப் பார்க்க எட்டாத முட்டைகள்

நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் இப்போது விரிசல் கண்டுபிடிக்க ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். போன வாரம் கவிதா போன் செய்து சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேஜைக்கு வந்த பெண் அவள். "மெஷினு டக்குனு சொல்லிடுதுண்ணே. நீங்கல்லாம் வெறும் காத வச்சிக்கிட்டு எப்டித்தான் பாஸ் போட்டீங்களோ" என்றாள். புகழ்கிறாளா, கிண்டல் செய்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று நினைக்கிற ஆள் நான். அதனால்தான் கம்பெனியில் எனக்குத் 'தோமையார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இயேசு உயிர்த்துவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தில் விரல் விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று நின்றாரே, அவர் பெயர். அந்தோணிசாமி என்ற என் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

"எல்லாம் பழக்கந்தாம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. முப்பத்தோரு வருஷம் காதை நம்பித்தான் பாஸ் போட்டேன். அது என்னை ஏமாற்றியதில்லை. ஒரே ஒரு தடவை, காது சரியாகச் சொல்லியும் கை தப்பாக எழுதியது. அந்தக் கதையை இதுவரை முதலிலிருந்து கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

விருத்தாசலம் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பொம்மையும் ஊறுகாய் ஜாடியும்தான் நினைவுக்கு வரும். எங்கள் கம்பெனி செய்தது மின்சாரச் சாமான். அதிலும் முக்கியமாக முட்டை. மின்கம்பம் சாய்ந்துவிடாமல் இருக்க அதன் உச்சியிலிருந்து தரைக்குச் சாய்வாக ஒரு இழுகம்பி போகும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பியின் நடுவில், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில், கோழி முட்டையைவிடப் பெரிதாக ஒரு பீங்கான் இருக்கும். மேலே மின்சாரம் கசிந்தால் கீழே இறங்கவிடாமல் தடுப்பது அதுதான். அது சரியில்லை என்றால் கீழே கம்பியைத் தொடுகிற ஆளுக்கோ மாட்டுக்கோ உயிர் போகும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் கம்பியில்தான் மாட்டைக் கட்டுவார்கள், துணி காயப்போடுவார்கள், சின்னப் பிள்ளைகள் பிடித்துத் தொங்கும்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதம் கொய்யாக் குச்சியால் தட்டிக்கொண்டே இருந்தேன். முட்டையின் துளையில் கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு லேசாகத் தட்ட வேண்டும். நன்றாக வெந்த முட்டை கணீரென்று சொல்லும். விரிசல் இருந்தால் சொத்தென்று கேட்கும். சரியாக வேகாதது இரண்டுக்கும் நடுவில் ஏதோ முனகும். அந்த முனகலைப் பிடிக்கத்தான் ஆறு மாதம் ஆனது.

தட்டுவதற்கு முன்பே சாயச் சோதனை முடிந்திருக்க வேண்டும். ஒரு லாட்டில், அதாவது ஒரே சமயம் சூளையில் வெந்து வந்த சரக்கில், சில முட்டைகளை எடுத்து உடைத்து, அந்தச் சில்லுகளைச் சிவப்புச் சாயத்தில் அழுத்தத்தில் ஊறவைப்போம். எடுத்து மறுபடி உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்பு இறங்கியிருந்தால் சரியாக வேகவில்லை என்று அர்த்தம், லாட் முழுவதும் நின்றுவிடும். சாயம் ஏறவில்லை என்று சீட்டு வந்த பிறகுதான் நான் தட்ட உட்காருவேன். தட்டி முடித்ததும் 'லாட் பாஸ்' என்று வாய்விட்டுச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போட வேண்டும்.

வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தவர் எங்கள் அதிகாரி சாமுவேல் சார். "எழுதறப்ப மனுஷன் தூங்கிடலாம் அந்தோணி. வாயத் தொறந்து சொல்றப்ப முழிச்சிக்குவான்" என்பார். அவர் புராட்டஸ்டண்டுகளில் லுத்தரன் சபைக்காரர். கத்திப் பேசி நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் கைக்குட்டையின் ஒரு முனையால் கண்ணாடியைத் துடைப்பார். அந்த முனையை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டார். பிறகு ஒரு முட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 'ரிஜெக்ட்' என்ற சொல் அவர் வாயில் வராது. "இத தனியா வச்சிருங்க" என்பார், அவ்வளவுதான். யாராவது தப்பு செய்தால் திட்டாமல் பதிவேட்டை மெதுவாக மூடுவார். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பயந்தது போல அடுத்த செக்‌ஷன் அதிகாரியின் கெட்ட வார்த்தைக்குக்கூடப் பயப்படவில்லை.

செக்‌ஷனில் மூன்றாவது ஆள் பழமலை. கருவேப்பிலங்குறிச்சி விவசாயக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது சின்னவன். சாயச் சோதனை அவன் பொறுப்பு. நான் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணிக்கை வைப்பதும் அவன்தான். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் குடி. சில நாள் காலையிலேயே வாடை அடிக்கும்.

தப்பு நடந்தது ஓர் ஐப்பசியில். மழை விட்டபாடில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் சூளையின் சூடு நிலையாக நிற்கவில்லை. வாசலில் லாரி. பெண்ணாடம் ரோட்டில் தண்ணீர் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். பழமலை சாயச் சீட்டைக் கொண்டுவந்து வைத்தான். சாயம் ஏறவில்லை என்று எழுதியிருந்தது. அவன் மேல் வாடை அடித்தது. நான் தட்ட ஆரம்பித்தேன்.

முட்டை கணீரென்று சொல்லவில்லை. சொத்தென்றும் கேட்கவில்லை. முனகியது. எல்லா முட்டையும் அப்படி இல்லை, நடுநடுவே சிலது. மழைச் சத்தத்தில் காதுக்கு அப்படித் தோன்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயம் ஏறவில்லை என்று சீட்டு இருக்கிறதே என்றும் சொல்லிக்கொண்டேன். வாழ்நாளில் ஒருத்தர் எழுதிக் கொடுத்த சீட்டையும் நம்பாதவன், அன்றைக்கு ஒரு குடிகாரன் எழுதிய சீட்டை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். சாமுவேல் சாரும் கீழே போட்டார். லாரி போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வழக்கம் போலப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். சாமியாரிடம் போய் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்லி, அவர் கொடுக்கிற மன்னிப்பை வாங்கிக்கொண்டு வருவது சின்ன வயதுப் பழக்கம். வரிசையாகச் சொன்னேன். மனைவியிடம் கோபப்பட்டேன், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, வேலையில் கவனக்குறைவாக இருந்தேன், தம்பியைப் பற்றிக் கெட்டதாகப் பேசினேன். மூன்றாவதை நடுவில் வைத்தது தற்செயல் இல்லை. சாமியார் பரிகாரமாக, மாதாவுக்குச் சொல்கிற அருள்நிறை மந்திரத்தைப் பத்து தடவை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்தேன். கோயிலை விட்டு வெளியே வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

தை மாதம் பழமலை மாறினான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடத்தில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கு அவன் மனைவிதான் கூட்டிப்போனாள். மாசிமகத்துக்கு ஊரே முழுகுகிற அதே மணிமுத்தாற்றில் அவனும் முழுகி எழுந்தான். பெயர் பவுல் ஆனது. குடி நின்றது. "பழமலை போயி பவுலு வந்துட்டாரு" என்று பேக்கிங் பெண்கள் கேலி செய்தார்கள். நான் கேலி செய்யவில்லை. எத்தனை நாளைக்கு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். ஒரு மாதம் மோந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டான். "அண்ணே, நீங்க ரட்சிக்கப்பட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டில் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதம். "நான் பொறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் வாங்குனவன்டா. நேத்து ஆத்துல முழுகுன நீ என்னக் கேக்குறியா?"

"அது நீங்க வாங்கலண்ணே, ஒங்களுக்குக் குடுத்தாங்க. அழுதுகிட்டு கெடந்திருப்பீங்க. நீங்களா எப்ப ஏத்துக்கிட்டீங்க? தேதி சொல்லுங்க."

"தேதியா?"

"எனக்கு இருக்குது. தை மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம, காலைல ஒம்போதர மணி."

தனக்குத் தானே பாஸ் சீட்டு எழுதிக்கொண்டு, நேரத்தையும் குறித்துவைத்திருக்கிறானே என்று எனக்குப் பட்டது. எதிர் மேஜையில் சாமுவேல் சார் சிரித்தார். "என்னக் கேட்டா நான் பெரிய வெள்ளிக்கிழமன்னுதான் சொல்லுவேன் பவுலு. சிலுவைல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிபோன காரியம். அத நம்புறதத் தவிர நமக்கு வேல ஒண்ணுமில்ல. எல்லாம் கிருபை."

"அப்ப நம்ம செய்யிற நல்லது கெட்டதுக்குக் கணக்கே இல்லையா சார்?" என்றேன். எனக்கு அவர் சொன்னதும் தட்டிப் பார்க்காமலே லாட் பாஸ் போடுகிற மாதிரிதான் இருந்தது.

"நல்லது செய்வோம். ஆனா அதக் காட்டி உள்ள போக முடியாது" என்றார்.

"ஒங்களுக்கு எப்பண்ணே?" பவுல் என்னை விடவில்லை.

"எனக்குத் தேதி இன்னும் வரல. சாகுறப்பத்தான் தெரியும். அதுக்கப்புறமும் பாவக் கறை தீர உத்தரிக்கிற ஸ்தலத்துல எத்தன வருஷம் கெடக்கணுமோ."

"அய்யோ பாவமே, இவ்ளோ நாளு பூசைக்குப் போயும் நிச்சயம் இல்லியா?" என்று அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். அந்த வருத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு மோர் சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு பல நாள் இதே பேச்சுதான். சாமுவேல் சார் வேதத்தை எடுத்துப் படித்துக் காட்டுவார். பவுல் அதே வேதத்திலிருந்து வேறு பக்கத்தைப் படிப்பான். நான் எதையும் படிக்காமல் இரண்டு பேர் சொல்வதிலும் ஓட்டை தேடுவேன்.

தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு திங்கட்கிழமை, பவுல் வேலையில் உட்காராமல் சாமுவேல் சாரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். என்னையும் பக்கத்தில் வரச் சொன்னான்.

"சார், அந்த ஐப்பசி லாட்டு. மழையில லாரி போச்சே. அதுக்கு நான் சாயமே போடல. போதையில இருந்தேன். போடாமலே சீட்டு எழுதுனேன்."

சாமுவேல் சார் கதவைச் சாத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைக்குட்டையின் முனை மாறிப்போனதை நான் கவனித்தேன்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நேத்து சபையில சாட்சி சொன்னேன் சார். எல்லாரும் அல்லேலூயான்னு கைதட்டுனாங்க. தட்டி முடிச்சதும் இது முடிஞ்சிபோச்சின்னு தோணிச்சி. வெளில வந்து பாத்தா எதுத்தாப்ல கம்பத்துல ஒரு பசுமாடு கட்டியிருக்குது சார். என்னால அங்க நிக்க முடியல."

சாமுவேல் சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அறிக்க பண்ணிட்டீங்க. கர்த்தர் மன்னிச்சிட்டாரு. நாலு மாசமா ஒரு புகாரும் வரல. இதுக்கு மேல கிளறுனா, உங்க செய்கையால ரட்சிப்ப சம்பாதிக்கப் பாக்குறீங்கன்னு ஆயிடும். நான் பாத்துக்கறேன், விட்டுருங்க." பதிவேட்டை மூடினார். இந்த முறை சத்தமே வரவில்லை.

கிருபை இவருக்குச் சமயத்தில் கைகொடுக்கிறதே என்று நினைத்தேன். அந்தச் சீட்டில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் எனக்கு அவரைவிடப் பவுல் மேல்தான் சந்தேகம் அதிகம். இவன் எதற்கு இப்போது இதைச் சொல்கிறான்? என்னை எதற்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னான்? சபைக்காரர்கள் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ? வெளியே வந்ததும் அவன் என் காதருகே குனிந்து, "ஒங்க பேர நான் எங்கியும் எடுக்கலண்ணே" என்றான்.

"என் பேர எதுக்குடா எடுக்கணும்? நான் என்னா பண்ணேன்?"

அவன் சாயத் தொட்டிப் பக்கம் போய்விட்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாமுவேல் சார் பார்த்துக்கொள்கிறேன் என்றாரே தவிர, இரண்டு வாரம் போயும் ஒன்றும் நடக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு அதில் என்ன அக்கறை என்று யோசிப்பாரே. இதற்கிடையில் பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் சொன்னாள், பவுல் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறுகிறானாம். மதம் மாறியதிலிருந்து அவன் அண்ணன் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் அங்கே என்ன வேலை? பழைய கள்ளச் சாராயத் தொடர்பாக இருக்கும் என்று முடிவு செய்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அவன் சாட்சியத்தை யார் நம்புவார்கள் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்த பஸ்ஸில் ஏறினேன்.

இறங்கிய இடத்திலேயே ஒரு டீக்கடை. பவுல் வந்தானா என்று அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"யாரு, அந்த அல்லேலூயாக்காரரா? சாமி கதைய சொல்ல வந்திருக்காருன்னு பாத்தா, ஊருல இருக்குற மாட்டயெல்லாம் அவுத்து வுட்டுக்கிட்டுப் போறாரு. எங்க வூட்டுக் கெடாரிய கூட போன வாரம் அவுத்துட்டாரு. கிறுக்குப் புடிச்சிருக்குதான்னு தெரியல."

அவள் காட்டிய தெருவில் போனேன். தெருக்கோடியில் புதிதாக நட்ட கம்பம். அதன் இழுகம்பியில் ஒரு எருமையைக் கட்டியிருந்தார்கள். பவுலும் ஒரு பெரியவரும் கயிற்றின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அவன் அண்ணன் என்று முகமே சொன்னது.

"சாமிய மாத்துன, பேர மாத்துன, இப்ப என் மாட்டுக் கயித்தயும் மாத்த வந்துட்டியா?"

"மாத்துண்ணே. ஒன் கால்ல வுழறேன். அந்தக் கம்பியில வேணாம். அதுல இருக்கறது நான் பாத்துப் போட்ட முட்ட. பாக்காம போட்ட முட்ட. குடிச்சிட்டு செஞ்சண்ணே."

தெருவில் நான்கைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இங்கே கைதட்ட ஆள் இல்லை. யாரோ ஒருத்தன் சிரித்தான். பவுல் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்து, எருமையை ஒரு வேப்பமரத்தில் கொண்டுபோய்க் கட்டினான். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். முட்டை பழுப்பாக, கைக்கு எட்டாத உயரத்தில், வெயிலில் மினுமினுத்தது. வெந்ததா வேகாததா என்று கீழே இருந்து சொல்ல முடியாது. என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கொய்யாக் குச்சி அப்போதும் இருந்தது. இத்தனை வருஷ வேலையில் தட்டிப் பார்க்க முடியாத ஒரு முட்டையை அன்றுதான் பார்த்தேன்.

பவுல் என்னைப் பார்த்துவிட்டான். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "வாங்கண்ணே" என்று வேப்பமரத்து நிழலுக்கு அழைத்துப்போனான். "அந்த லாட்டு எங்க போச்சின்னு லாரி டிரைவர கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன். இந்தப் பக்கத்துல புதுக் கம்பம் எல்லாத்துக்கும் அதுதானாம். எல்லாம் கெட்டதா இருக்காது. எது கெட்டதுன்னு தெரியாதே, அதான்."

அங்கே, எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் கோயில் பாவசங்கீர்த்தனக் கூண்டில் சொல்லாததை அவனிடம் சொன்னேன். "பழமலை, எனக்கும் தெரியும்டா. சத்தம் சரியில்லன்னு எனக்குக் கேட்டுது. கேட்டும் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும்ணே."

"எப்டித் தெரியும்?"

"பக்கத்துல கோடு போட்டுக்கிட்டு இருந்தது நான்தான? போதையில இருந்தாலும் காது இருக்குது இல்ல. ஒவ்வொரு லாட்டுக்கும் கடைசில நீங்க லாட் பாஸுன்னு சொல்லுவீங்க. அன்னிக்கு சொல்லல. வெறும் கையெழுத்து மட்டும் போட்டீங்க."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் சொல்லவில்லை என்பது அவன் சொல்லும்வரை எனக்கே நினைவில் இல்லை. நாலு மாதம் இதை மனசில் வைத்துக்கொண்டு, சபையில் சாட்சி சொன்னபோதும், அதிகாரியிடம் சொன்னபோதும், தன் தப்பை மட்டும் சொல்லிவிட்டு என்னை விட்டிருக்கிறான். நானோ அவன் சாராயம் குடிப்பதைப் பிடிக்க பஸ் ஏறி வந்திருக்கிறேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

"ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"நீங்களா சொல்லணும்னு இருந்தேன். நான் சொன்னா அது ஒங்களுக்குக் குடுத்த ஞானஸ்நானம் மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு.

அடுத்த நாள் காலை, ஒரு தாளில் என் கைப்பட எழுதினேன். இன்ன லாட்டில் சத்தம் சரியில்லை என்று தெரிந்தும் நான் கையெழுத்துப் போட்டேன், அந்த முட்டைகளைத் திரும்ப எடுக்க வேண்டும், இப்படிக்கு அந்தோணிசாமி. பவுல் தனக்குத் தெரிந்ததை அதன் கீழே எழுதினான். சாமுவேல் சாரின் மேஜையில் வைத்தோம். அவர் இரண்டு தடவை படித்தார். பதிவேட்டை மூடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை எடுத்து, எங்கள் இரண்டு பேர் கையெழுத்துக்கும் மேலே தன் கையெழுத்தைப் போட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னது வேதத்துல இருக்கறதுதான் அந்தோணி. ஆனா பயத்துல சொன்னேன்" என்றார். "மன்னிப்பு கெடச்சாச்சுன்னா இதுல கையெழுத்துப் போட எனக்கு என்ன பயம்? அத நெனைக்க எனக்கு இத்தன நாளு ஆச்சு." தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு அவரே போனார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. முதலாளி குரல் மட்டும் வெளியே கேட்டது. பிரிக்காத பெட்டிகள் திரும்பி வந்தன. கம்பத்தில் ஏற்றியவற்றை லைன்மேன்கள் எங்களைத் திட்டிக்கொண்டே கழற்றிக் கொடுத்தார்கள். வந்ததில் பத்து முட்டையை எடுத்து உடைத்துச் சாயத்தில் போட்டோம். மூன்று பேரும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றோம். ஏழு சில்லு வெள்ளை. மூன்று சில்லில் சிவப்பு நடுவரைக்கும் இறங்கியிருந்தது. பவுல் "ஸ்தோத்திரம்" என்றான், நான் சிலுவை போட்டுக்கொண்டேன், சாமுவேல் சார் கண்ணாடியைத் துடைத்தார். எண்ணிப் பார்த்ததில் நாலு முட்டை குறைந்தது. அந்த நாலும் எந்தக் கம்பத்தில் இருக்கின்றன என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

சாமுவேல் சாருக்கு வர வேண்டிய மேலாளர் பதவி வரவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பவுலை ஒரு வருஷம் மண் பிசைகிற இடத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு மெமோ. இத்தனை லேசாக என்னை விட்டதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இந்தத் தடவை கோபம், பூசை எதுவும் சேர்க்காமல் அதை மட்டும் முழுசாகச் சொன்னேன்.

"எல்லாத்தையும் கழட்டியாச்சா?" என்று சாமியார் கேட்டார்.

"நாலு கெடைக்கல சாமி."

"அப்ப தேடிக்கிட்டே இருங்க" என்றார். மன்னிப்பைக் கொடுத்தார். அருள்நிறை மந்திரம் எத்தனை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டாரோ என்று வீட்டுக்கு வரும்வரை சந்தேகமாகவே இருந்தது. தேடச் சொன்னதுதான் பரிகாரம் என்று பிறகுதான் உறைத்தது. இன்றைக்கும் பெண்ணாடம் போனாலும் வேப்பூர் போனாலும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம்தான் உட்காருகிறேன். இழுகம்பியில் மாடு கட்டியிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறேன். என்னையும் சில ஊர்களில் அல்லேலூயாக்காரன் என்றுதான் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் எனக்கு வழியனுப்பு விழா. சால்வை போர்த்தி முதலாளி பேசினார். "அந்தோணிசாமி கையெழுத்துப் போட்ட சரக்குல வெளியிலேருந்து ஒரு புகார் வந்ததில்ல" என்றார். அது உண்மை. என் மேல் வந்த ஒரே புகார் உள்ளேயிருந்து, என் கையெழுத்தில் வந்தது. அதை அவர் மறந்துவிட்டாரா, மறந்தது போலப் பேசினாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. முன் வரிசையில் சாமுவேல் சார் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பவுல் மேடைக்கு வந்தான். அதற்குள் பழையபடி எங்கள் செக்‌ஷனுக்கு வந்துவிட்டிருந்தான். என் சட்டைப் பையிலிருந்து கொய்யாக் குச்சியை உருவி, சால்வையோடு நின்றிருந்த என் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினான். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டான்.

"பவுலு, லாட் பாஸா?" என்று பேக்கிங் பெண்கள் கத்தினார்கள்.

"இன்னும் சாயத்துல போடலியே, அதுக்குள்ள எப்டிச் சொல்றது?" என்று குச்சியைத் திரும்ப என் பையில் வைத்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சால்வை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. பாஸ் என்று சொல்லியிருந்தால் அவனை நான் நம்பியிருக்க மாட்டேன்.